விற்க முடியாத நிலமும் சொத்துதான்

தர்மபுரி மாவட்டத்து மலையூர்களைப் பற்றிப் பேச்சு வந்தாலே ஒரு வாதமும் கூடவே வந்துவிடுகிறது. சித்தேரி மலையிலும் வத்தல்மலையிலும் வாழும், தமிழே பேசும் மலையாளிப் பழங்குடிகளுக்குச் சொத்து என்று சொல்ல எதுவுமில்லை. அவர்கள் உழுவது காட்டு நிலம். பட்டா இருந்தாலும் நிபந்தனைப் பட்டா, அதை விற்கவும் முடியாது, அடகு வைக்கவும் முடியாது. விற்கும் உரிமையைக் கொடுத்தால் முன்னேறுவார்கள், இல்லையென்றால் கீழே இறக்கிக் குடியமர்த்துவதே அவர்களுக்கு நல்லது. நிலத்தரகர்கள் மட்டும் இப்படிச் சொன்னால் பதில் எழுத வேண்டிய அவசியம் இல்லை. அந்த மக்கள் மேல் உண்மையான அக்கறை உள்ள ஆசிரியர்களும் அலுவலர்களும் இதையே சொல்கிறார்கள். எனவே ஒவ்வொரு கூற்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதலில், சொத்து இல்லை என்ற பேச்சு. மலைக்குடும்பத்தின் உடைமையைக் கணக்கெடுக்க வருபவர் சிட்டா இருக்கிறதா என்று கேட்பார், இல்லை என்றதும் குறிப்பேட்டை மூடிவிடுவார். அந்தக் குடும்பத்துக்கு ஓடைக்கரையில் ஒரு சிறு வயல் இருக்கலாம். ஏர் ஓடும் உழவுகாடு கொஞ்சம், ஏர் ஏறாத சரிவில் கொத்தி விதைக்கும் கொத்துக்காடு கொஞ்சம். சாமை, கேழ்வரகு, தினை, ஊடே அவரையும் கடுகும். வரப்போரம் பாட்டன் வைத்த பலா, புளி, மா. காட்டில் கடுக்காய், நெல்லி, தேன், சீமாற்றுப் புல் எடுக்கும் வழக்கம். ஆடுமாடு. உமி நீக்காத சாமையைக் காயவைத்துச் சேர்த்தால் நெடுநாள் கெடாது. மழை பொய்த்த ஆண்டில் அந்த வீட்டுக்கு அதுதான் வங்கிக் கணக்கு. இவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காகிதம் கிடையாது. ஆனால் எது யாருடையது, எந்தச் சரிவு எந்த வீட்டுக்கு என்பதில் ஊருக்குள் குழப்பமும் கிடையாது.

இது சொத்துதானா என்று சந்தேகப்படுபவர்கள் வாச்சாத்தியை நினைத்துப் பார்க்க வேண்டும். சித்தேரி மலையடிவாரத்தில், அரூருக்கு அருகில் உள்ள ஊர் அது. 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் கூட்டமாக உள்ளே புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். பெண்களும் குழந்தைகளும் உட்பட நூற்றுக்கு மேற்பட்டவர்கள் சிறைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். வீடுகள் இடிக்கப்பட்டன, தானியங்கள் பாழாக்கப்பட்டன, ஆடுகளும் கோழிகளும் அழிந்தன, குடிநீர்க் கிணறு கெடுக்கப்பட்டது. வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். தீர்ப்பு வருவதற்குள் 54 பேர் இறந்துவிட்டார்கள். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பன்னிரண்டு ஆண்டு கழித்து அதே செப்டம்பர் 29 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கவும் ஆணையிட்டது. ஓர் ஊரை அதன் இடத்தில் வாழவிடாமல் செய்ய எதையெல்லாம் அழிக்க வேண்டும் என்று அன்று போனவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது: தானியம், தண்ணீர், கால்நடை, கூரை. பத்திரம் இல்லாத இந்த உடைமைகளை அவர்கள் இனம் கண்டுகொண்டார்கள். நமக்கு மட்டும் ஏன் அவை கண்ணில் படுவதில்லை?

அடுத்தது, காட்டு நிலத்தை உழுவதால் இவர்கள் ஆக்கிரமிப்பாளர்கள் என்ற குற்றச்சாட்டு. இது ஆண்டுகளை முன்பின்னாக மாற்றிப் போடுகிறது. காப்புக்காடு என்ற எல்லையே 1882 ஆம் ஆண்டுச் சென்னை வனச்சட்டத்துக்குப் பிறகு வந்தது. காட்டை அரசுடைமையாக அறிவிக்கும் முன் அங்கே உரிமை உள்ளவர்கள் குறித்த கெடுவுக்குள் வந்து சொல்ல வேண்டும் என்று அந்தச் சட்டம் விதித்தது. எழுத்தறியாத, தாலுகா அலுவலகம் ஒரு நாள் நடைக்கு அப்பால் இருந்த மக்களில் எத்தனை பேருக்கு அந்த அறிவிப்பு எட்டியிருக்கும்? கெடு முடிந்தது, உரிமையும் முடிந்தது என்று ஏட்டில் எழுதினார்கள். ஊர் இருந்த இடத்தில்தான் இருந்தது. பக்கத்துக் கல்வராயன் மலையில் ஜாகிர்தார்களின் ஆட்சி 1976 வரை நடந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்த மலைகளில் அரசு காகிதம் எவ்வளவு தாமதமாக வந்தது என்பது விளங்கும்.

இந்த அநீதியை நாடாளுமன்றமே ஒப்புக்கொண்டிருக்கிறது. 2006 ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் முகப்பில் வரலாற்று அநீதி என்றே அது குறிப்பிடப்படுகிறது. 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே காட்டு நிலத்தில் பயிரிட்டு வாழ்ந்துவந்த பழங்குடிக் குடும்பத்துக்கு, உண்மையில் உழுதுவந்த அளவுக்கு, 4 ஹெக்டேர் வரை உரிமை உண்டு. சான்றுக்குப் பத்திரம்தான் வேண்டும் என்பதில்லை. வரப்பு, கிணறு, வீடு, இடுகாடு, கோயில், ஊர்ப் பெரியவர்கள் எழுத்தில் தரும் வாக்குமூலம் ஆகியவையும் செல்லும் என்று அந்தச் சட்டத்தின் விதி 13 சொல்கிறது. அரசு சட்டப்படி வழங்க வேண்டிய உரிமையை ஆக்கிரமிப்பு என்று சொல்வது சட்டத்தையே மறுப்பது. தமிழ்நாட்டில் நீதிமன்ற உத்தரவு ஒன்றால் 2008 முதல் 2016 வரை பட்டா வழங்குவது தடைபட்டுக் கிடந்தது. 2019 பிப்ரவரி 13 அன்று, மனு நிராகரிக்கப்பட்டவர்களை வெளியேற்றச் சொன்ன உச்ச நீதிமன்றம், நிராகரிப்புகள் முறைப்படி நடந்தனவா என்ற கேள்வி எழுந்ததும் அதே மாதம் 28 அன்று தன் ஆணையை நிறுத்தி வைத்தது. பட்டா இல்லாததற்கு மலைமக்களைக் குற்றம் சொல்பவர்கள் இந்த ஆண்டுகளை எந்தக் கணக்கில் சேர்ப்பார்கள்?

இதே சண்டை இந்தோனேசியத் தீவுகளிலும் நடந்தது. அங்கேயும் 1999 ஆம் ஆண்டு வனச்சட்டம் மரபுவழிச் சமூகங்களின் காட்டை அரசுக் காடு என்று சேர்த்து எழுதியிருந்தது. 2013 மே 16 அன்று அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம், மரபுரிமைக் காடு அரசுக் காடு ஆகாது என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பை நிலத்தில் நடைமுறைப்படுத்துவது அங்கேயும் மெதுவாகவே நகர்கிறது. ஆனால் யார் முதலில் இருந்தார்கள் என்ற கேள்விக்கு அங்கே தெளிவான விடை கிடைத்துவிட்டது.

மூன்றாவது கூற்றுதான் மிகவும் ஆபத்தானது: விற்க விடுங்கள், வளர்வார்கள். கேட்பதற்கு உரிமைக் குரல் போலவே இருக்கும். சமவெளியில் எல்லோரும் நிலத்தை விற்கிறார்கள், பழங்குடிக்கு மட்டும் ஏன் தடை என்று கேட்பார்கள். விடை பக்கத்து மலையிலேயே இருக்கிறது. சேலம் ஆட்சியர் காக்பர்ன் 1820-களில் ஏற்காட்டுக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். பின்னால் வந்த தோட்டக்காரர்கள் சேர்வராயன் மலையின் பெரும் பகுதியை எஸ்டேட்டுகளாக்கினார்கள். அந்த மலையின் பூர்வகுடிகளான மலையாளிகளில் ஏராளமானோர் இன்று அதே மண்ணில் கூலிக்குக் காப்பிப் பழம் பறிக்கிறார்கள். காப்பி பணம் கொடுத்தது உண்மை. யாருக்கு என்பதுதான் கேள்வி. கேரளத்தின் அட்டப்பாடியைப் பாருங்கள். 1951 இல் அங்கே பத்தில் ஒன்பது பேர் ஆதிவாசிகள். இன்று அவர்கள் பாதிக்கும் குறைவு. பறிபோன நிலத்தை மீட்டுத்தர 1975 இல் சட்டம் இயற்றியும் அதைச் செயல்படுத்த முடியாமல், 1999 இல் வேறு சட்டம் கொண்டுவந்து அதை நீர்க்கச் செய்தார்கள். நிலம் ஒருமுறை கைமாறினால் திரும்புவதில்லை என்பதற்கு இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

தமிழ்நாட்டில் நிலைமை இன்னும் மோசம். பழங்குடிப் பகுதிகளுக்கான, அரசியல் சாசனத்தின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி என்று இங்கே ஒரு மலைகூட அறிவிக்கப்படவில்லை. பழங்குடி நிலம் பிறர் கைக்குப் போவதைத் தடுக்கும் தனிச் சட்டமும் இல்லை. வருவாய்த்துறை ஒப்படைப் பட்டாவில் உள்ள நிபந்தனையும், வன உரிமைச் சட்டத்தின் 4(4) ஆம் பிரிவும்தான் இருக்கிற வேலி. அந்தப் பிரிவின்படி உரிமை வாரிசுக்குப் போகும், விற்க முடியாது. நல்லெண்ணத்தோடு பேசுபவர்கள் எடுக்கச் சொல்வது இந்த வேலியைத்தான். மகளின் திருமணத்துக்கும் தாயின் மருத்துவச் செலவுக்கும் அவசரமாகப் பணம் தேவைப்படுகிறவன் கையில் விற்கும் உரிமையைக் கொடுத்தால், அவன் தன் நிலத்தின் விலையைத் தானே வைக்கப் போவதில்லை. சுற்றுலாவுக்காக மலையில் இடம் தேடுகிறவன் வைப்பான்.

கடன் கிடைக்காதே என்பார்கள். பெரு நாட்டுப் பொருளியலாளர் எர்னாந்தோ டி சோட்டோ 2000 இல் எழுதிய நூலுக்குப் பிறகு உலகெங்கும் பரவிய நம்பிக்கை இது: பத்திரம் கொடு, வங்கி கதவைத் திறக்கும். அவருடைய பெருவிலேயே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நகர்ப்புற வீடுகளுக்குப் பத்திரம் கொடுத்த பிறகும், தனியார் வங்கிக் கடன் எதிர்பார்த்தபடி பெருகவில்லை என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். ஏழையின் நிலத்தை ஏலம் விட்டுக் கடனை வசூலிப்பது வங்கிக்கு லாபமான வேலையில்லை. நம் நாட்டிலோ, 2 லட்சம் ரூபாய் வரையிலான விவசாயக் கடனுக்கு ஈடே கேட்கக் கூடாது என்பது 2025 ஜனவரி முதல் ரிசர்வ் வங்கியின் விதி. அதற்கு முன் அந்த வரம்பு 1.6 லட்சமாக இருந்தது. ஒரு மலைக்குடும்பத்தின் பயிர்ச்செலவுக்கு இது தாராளம். தடையாக இருப்பது அடமானம் இல்லாமை என்பதைவிட, வங்கிக்கிளை மலையில் இல்லாமை, நிலம் இவருடையதுதான் என்று சொல்லும் சான்று கையில் இல்லாமை. வன உரிமைப் பட்டாவைக் கொடுத்தால் இரண்டாவது தீரும். அதற்கு விற்பனை உரிமை எதற்கு?

விற்க முடியாத சொத்து என்பது உலகத்துக்குப் புதிதும் இல்லை. சுமத்ராவின் மினாங்கபாவு மக்கள் பரம்பரை நிலத்தைத் தாய்வழியில் வைத்திருக்கிறார்கள், எளிதில் விற்பதில்லை. வெளியூர் போய்ச் சம்பாதிப்பதற்குப் பேர்போனவர்களும் அவர்கள்தான். ஊரில் நிலம் பத்திரமாக இருக்கிறது என்ற தைரியம் வெளியே போவதற்குத் துணை நிற்கிறது.

பட்டா கொடுத்தால் காடு அழியும் என்று சொல்பவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. 1860-களில் சென்னையிலிருந்து சேலம் வழியாக மேற்குக் கடற்கரைக்கு ரயில் ஓடத் தொடங்கியபோது பாதைக்கு அறுத்த மரமும் இன்ஜினில் எரிந்த மரமும் இந்தப் பக்கத்து மலைகளிலிருந்தும் போயின. சந்தனம் லாரி லாரியாக இறங்கியது பெருவியாபாரிகளுக்காக. கொத்துக்காட்டுச் சாமை அந்த அழிவில் சேராது. காட்டைக் காக்கும் அதிகாரத்தையும் வன உரிமைச் சட்டம் கிராம சபைக்குத் தருகிறது. ஒடிசாவின் நியமகிரியில், உச்ச நீதிமன்றத்தின் 2013 ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி கூடிய 12 கிராம சபைகளும் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்று சொல்லி ஒரு மலையையே காப்பாற்றின.

கீழே இறங்கட்டும் என்ற யோசனைக்கு வருவோம். சாலையும் மருத்துவமனையும் இல்லாத கொடுமையை நான் சிறிதாக்கவில்லை. பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலைக்குத் தேர்தல்தோறும் வாக்குப்பதிவு இயந்திரம் கழுதை மேல் ஏறிப் போனது. 2023 இல் வேலூர் மாவட்டத்து அல்லேரி மலையில் பாம்பு கடித்த குழந்தையை உரிய நேரத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடியவில்லை. இறந்த பிள்ளையைத் தாய் கையில் சுமந்து மலையேறினாள். இதைப் பார்த்துவிட்டு மனிதர்களை இறக்குங்கள் என்று சொல்வதற்குப் பதில் சாலையை ஏற்றுங்கள் என்று ஏன் சொல்லக் கூடாது? வனச்சட்டம் தடுக்கிறது என்பது முழு உண்மையில்லை. வன உரிமைச் சட்டத்தின் 3(2) ஆம் பிரிவு, கிராம சபை பரிந்துரைத்தால் சாலை, பள்ளி, மருந்தகம், குடிநீர்க் குழாய் ஆகியவற்றுக்கு ஒவ்வொன்றுக்கும் 1 ஹெக்டேருக்குக் குறைவான காட்டு நிலத்தை ஒதுக்க வழி செய்கிறது. ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக் கூடாது, அவ்வளவுதான்.

கீழேயும் என்ன காத்திருக்கிறது? தர்மபுரிச் சமவெளியின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு. பல்லும் எலும்பும் கெட்டுப் பல தலைமுறை அவதிப்பட்ட பிறகு, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013 இல்தான் தொடங்கிவைக்கப்பட்டது. நிலம் உள்ள சமவெளிக்காரர்களே மழையில்லாமல் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலை தேடிப் போகிறார்கள். நிலமற்ற மலைக்காரன் அந்த வரிசையின் கடைசியில் நிற்பான். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று 20 தமிழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் சித்தேரி மலைப் பகுதியைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். ஊரில் வாழ வழி குறைந்தவனைக் கூலிக்கு ஆள் பிடிக்கும் தரகன் எங்கெல்லாம் கொண்டுபோவான் என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டாம்.

மலையூரில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. விமர்சிப்பவர்கள் ஒன்றைச் சரியாகவே சுட்டுகிறார்கள்: வழக்கப்படி நிலம் மகன்களுக்குப் போகிறது, மகள்களுக்கு இல்லை. கணவனை இழந்தவள் மைத்துனர்களின் தயவில் நிற்க நேர்கிறது. இதைத் திருத்த வேண்டும். திருத்துவதற்கான கருவியும் அதே 4(4) ஆம் பிரிவில் இருக்கிறது: திருமணமானவர்கள் என்றால் பட்டா கணவன், மனைவி இருவர் பெயரிலும் கூட்டாகத்தான் பதிவாக வேண்டும். விற்பனைச் சந்தை அந்தப் பெண்ணுக்கு இதைத் தராது.

ஆகவே மலையூர்களில் இப்போது செய்ய வேண்டியது மனு கொடுத்து உரிமையைக் கேட்டுப் பெறுவது. தனிநபர் பட்டாவோடு நிற்காமல், கடுக்காயும் தேனும் எடுக்கும் காட்டுக்குச் சமூக உரிமையும் கேட்க வேண்டும். மனு தள்ளப்பட்டால் வாய்வார்த்தையை ஏற்க வேண்டாம். காரணத்தோடு எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள். கிராம சபையின் முடிவு என்றால் கோட்ட அளவிலான குழுவிடமும், கோட்டக் குழுவின் முடிவு என்றால் மாவட்டக் குழுவிடமும் மேல்மனு போடலாம். அதற்கு 60 நாள் அவகாசம் உண்டு.