தகரக் கூரையா, ஷிங்கிள் கூரையா?



"மழைச் சத்தத்தில் படிக்க முடியவில்லை, ஐயா!" தேயிலைத் தோட்டத்து மாணவர் அடிக்கடி சொல்லும் காரணம் இது, பொய்யன்று. அதனாலேயே, கூரை மாற்றும் பெற்றோர் சிலர் தகரத்தை வெறுத்து, ஓசை குறைந்த தார் ஷிங்கிளை நாடுகின்றனர்.

என் கருத்து வேறு. ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்திலுள்ள தானா ராத்தா வட்டாரத்தில் ஈரம் எளிதில் காயாது. ஷிங்கிளின்மேல் பாசி படரும். நீர் கசிந்தால் அடியிலுள்ள பிளைவுட் பலகை இற்றுப்போகும். வண்ணம் பூசிய தகரத்திலோ நீர் நில்லாது வழிந்தோடும்.

குறை தகரத்தில் இல்லை. அதனை வெறுமனே வேய்வதில்தான் உள்ளது. அடியில் ராக்வூல் பஞ்சினைப் பரப்பி, சீலிங் பலகையும் அடித்தால் இரைச்சல் அடங்கும், குளிரும் தணியும். செலவு மிகுமென்று அதனை விட்டுவிடாதீர்கள், பெற்றோரே. அங்கே மிச்சம் பிடிக்கும் வெள்ளி, பிள்ளையின் படிப்பில் கழியும்.