கீரமங்கலத்திலும் ஒரு மேத்யூ இருக்கலாம்



இந்த இதழின் சினிமாப் பக்கங்களைத் தன்பாலின ஈர்ப்பு கொண்டவர்களைப் பற்றிய படங்களுக்கு ஒதுக்கியிருக்கிறோம். புதுக்கோட்டையிலிருந்து வரும் பத்திரிகைக்கு இது எதற்கு என்று உங்களில் சிலர் நினைக்கலாம். ஆலங்குடியிலும் அறந்தாங்கியிலும் பொன்னமராவதியிலும் இப்படிப்பட்ட பிள்ளைகள் பிறக்கிறார்கள், வளர்கிறார்கள். பலர் வீட்டார் பார்த்துவைக்கும் பெண்ணுக்கே தாலி கட்டுகிறார்கள். நம்மோடு டிக்கெட் எடுத்து நம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து படம் பார்க்கிறார்கள். திரையில் அவர்களைப் போன்ற ஒருவர் வரும்போதெல்லாம் தியேட்டர் சிரித்திருக்கிறது. அந்தச் சிரிப்புக்கு நடுவே வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பவரை நினைத்துத்தான் இந்தப் பக்கங்களைத் தயாரித்தோம்.

இத்தனைக்கும் நாடகம் செழித்த மண் நம்முடையது. முதலெழுத்திலேயே புதுக்கோட்டையைச் சுமந்த பி.யு.சின்னப்பா, சினிமாவுக்கு வருமுன் பாய்ஸ் கம்பெனி நாடகங்களில் வளர்ந்தவர். அந்த மேடைகளில் வள்ளியும் பையன்தான், தமயந்தியும் பையன்தான். விடிய விடியப் பார்த்த சனம் அதை நம்பியது, அழுதது. பெண் வேடம் கட்டுவதும் ஓர் ஆண் இன்னோர் ஆணை விரும்புவதும் வேறு வேறு என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் தமிழ் சினிமா நெடுங்காலம் இரண்டையும் ஒன்றாகக் குழப்பியது. கையை ஒரு மாதிரி அசைத்து, குரலைக் குழைத்துப் பேசும் ஒருவரைக் காட்டினால் போதும், நகைச்சுவைக் காட்சி தயார் என்று நினைத்தார்கள். 2006-இல் வந்த ‘வேட்டையாடு விளையாடு’ படத்தில், கொலைகாரர்கள் இருவரையும் சீண்ட நாயகனுக்குக் கிடைத்த ஆயுதமும் இந்தக் கேலிதான். 2010-இல் வெங்கட் பிரபுவின் ‘கோவா’வில் சம்பத்தும் அரவிந்த் ஆகாஷும் ஜோடியாக வந்தார்கள். கேலிப் படம்தான் என்றாலும், அந்த இருவருக்கும் ஊடலும் பொறாமையும் சமாதானமும் இருந்தன. அந்த அளவுக்காவது அவர்களை மனிதர்களாகப் பார்த்த படம் என்பதற்காக எனக்கு அதன்மேல் மதிப்பு உண்டு.

ஆனால் நான் உங்களை உட்காரவைத்துக் காட்ட விரும்பும் படம் மலையாளத்தில் இருக்கிறது. ஜியோ பேபி இயக்கத்தில் 2023 நவம்பரில் வந்த ‘காதல் - தி கோர்’. நாயகன் மேத்யூவாக நடித்த மம்மூட்டி அப்போது எழுபதைத் தாண்டியவர். தயாரித்ததும் அவருடைய நிறுவனமே. கதை கொச்சியின் அடுக்குமாடி வீட்டில் நடக்கவில்லை, தீக்கோய் என்ற கோட்டயம் மாவட்டத்துக் கிராமத்தில் நடக்கிறது. கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற மேத்யூ, சர்ச்சுக்குப் போகிறவர், ஊர் மதிக்கிறவர், உள்ளாட்சி இடைத்தேர்தலில் நிற்கிறார். அந்த நேரத்தில் அவர் மனைவி ஓமனா, கணவர் தன்பாலின ஈர்ப்பு கொண்டவர் என்று சொல்லி விவாகரத்து கேட்டு நீதிமன்றம் போயிருப்பது தெரியவருகிறது. ஓமனாவாக நடித்தவர் நம் ஜோதிகா.

எல்லாக் கதவுகளையும் திறப்பது ஓமனாவின் அந்த மனுதான். மேத்யூவின் துயரத்தைச் சொல்லும்போது, இருபது ஆண்டு அவளுக்கு மறுக்கப்பட்ட வாழ்க்கையைப் படம் மறக்கவில்லை. அவள் கணவனை வெறுக்கவும் இல்லை. தனக்குக் கேட்கும் விடுதலையை அவனுக்கும் சேர்த்தே கேட்கிறாள். கல்யாணம் செய்துவைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பிய அப்பா, மேத்யூ நேசிக்கும், ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்தும் தங்கன், கல்லூரிக்குப் போகும் மகள் எனப் பொய் ஒவ்வொருவரையும் எப்படித் தின்றிருக்கிறது என்பதைச் சத்தமில்லாமல் காட்டுகிறார்கள். மேத்யூவுக்கும் தங்கனுக்கும் நடுவிலுள்ள நெருக்கத்தைப் படம் பார்வைகளோடு நிறுத்திவிட்டது என்ற குறை சொல்லப்பட்டது. அதில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் அம்மாவையும் அக்காவையும் கூட்டிப்போய்ப் பார்க்கத்தக்க குடும்பப் படமாக இந்தக் கதையைச் சொன்னதே பெரிய காரியம் என்பேன். கேரள அரசு அந்த ஆண்டின் சிறந்த படமாக இதைத் தேர்ந்தெடுத்தது.

தமிழிலும் கதவு திறக்கிறது. பா.ரஞ்சித்தின் ‘நட்சத்திரம் நகர்கிறது’ (2022) படத்தின் நாடகக் குழுவில் தன்பாலின ஜோடிகளும் மற்றவர்களைப் போலவே சண்டை போட்டார்கள், சேர்ந்து சாப்பிட்டார்கள். 2025 காதலர் தினத்தன்று வந்த ஜெயப்பிரகாஷ் ராதாகிருஷ்ணனின் ‘காதல் என்பது பொதுவுடைமை’யில், தான் விரும்புவது ஒரு பெண்ணை என்று மகள் சொல்லும்போது ரோகிணியின் முகத்தைப் பாருங்கள். முற்போக்கான அம்மாதான், தன் வீட்டுக்குள் வரும்போது தடுமாறுகிறாள். ஆண்களின் கதைதான் இன்னும் பின்தங்கியிருக்கிறது. தன்பாலின ஈர்ப்பு கொண்ட மகனைப் பற்றிய லோகேஷ் குமாரின் ‘என் மகன் மகிழ்வன்’ மாதிரி ஒரு படம் நம்மூர்த் தியேட்டர் வரைக்கும் வர வேண்டாமா?

சட்டமும் மாறியிருக்கிறது. 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் தன்பாலின உறவைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. 2021-இல், ஒன்றாக வாழ விரும்பிய மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள் பாதுகாப்புக் கேட்டுத் தொடுத்த வழக்கில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ் தனக்கே இதில் தெளிவு போதவில்லை என்று சொல்லி, உளவியல் வல்லுநரிடம் அமர்ந்து கேட்டுக்கொண்ட பிறகே உத்தரவு எழுதினார். கதை எழுத உட்காருகிறவர்களுக்கும் அந்தப் பொறுமை வேண்டும். மொழியிலும் அந்தக் கவனம் வேண்டும். ஷியாம் செல்வதுரையின் ‘ஃபன்னி பாய்’ நாவலைத் தீபா மேத்தா 2020-இல் படமாக்கியபோது, தன்பாலின ஈர்ப்பு கொண்ட கொழும்புத் தமிழ்ச் சிறுவனின் கதையில் தமிழே தமிழாக ஒலிக்கவில்லை என்று ஈழத்தமிழர்கள் வருந்தினார்கள். நல்ல நோக்கம் இருந்தும், பேச்சு பிசகியதால் சொந்தக்காரர்களுக்கே அந்தக் கதை அந்நியமாகிவிட்டது.

ஆகவே நம் பேச்சில், நம் ஊரில் எழுதுங்கள். கோட்டைப்பட்டினத்தில் விசைப்படகு ஏறுகிறவராக இருக்கட்டும், கீரமங்கலத்தில் பூ வியாபாரம் செய்பவராக இருக்கட்டும், வாடிவாசலுக்குக் காளை வளர்ப்பவராக இருக்கட்டும். ஆடி மாத மொய் விருந்தில், ‘உன் கல்யாணச் சாப்பாடு எப்பப்பா?’ என்று ஆளுக்கு ஆள் கேட்கும்போது அவர் என்ன பதில் சொல்கிறார், அன்று இரவு யாருக்கு போன் செய்கிறார் என்று எழுதுங்கள். பெற்றவர்களும் எழுதலாம். சிறுகதையோ குறும்படக் கதையோ, கையால் எழுதி அனுப்பினாலும் சரி. பெயர் வேண்டாம் என்றால் போட மாட்டோம்; முகவரி எங்கள் அலுவலகத்தை விட்டு வெளியே போகாது. தேர்ந்தெடுப்பவற்றை அடுத்தடுத்த இதழ்களில் வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்