ஆற்றங்கரைக் கூடாரமும் நாம் சொல்லிக்கொள்ளும் எளிமையும்



பெருநாள் விடுமுறை நெருங்கினால் வளைகுடாவில் பணிபுரியும் நம் குடும்பங்களிடையே இப்போதெல்லாம் ஒரு பேச்சு அடிபடுகிறது: “இம்முறை கென்யா, மாசாய் மாரா.” துபாயிலிருந்து நைரோபிக்கு ஐந்து மணி நேரப் பயணம், அங்கிருந்து ஒரு சிறு விமானம், பிறகு மாரா ஆற்றங்கரையில் கூடாரம். போய் வந்தவர்கள் சொல்வதும் ஏறக்குறைய ஒன்றே. “ஆடம்பரம் ஏதுமில்லை, வெறும் கூடாரத்தில்தான் தங்கினோம். அல்லாஹ்வின் படைப்பைக் கண்டு சிந்தித்தோம்.” இந்த இரண்டு கூற்றுகளையும் நான் மறுக்கிறேன். மூன்று இரவுகள் குடும்பத்தோடு அங்கே தங்கிவிட்டு வந்து, இதே சொற்களை நானும் சொல்லித் திரிந்தவன் என்பதால் மறுக்கிறேன்.

முதலில் அந்தக் கூடாரம். சுவர்கள் துணியால் ஆனவை என்பது மெய்தான். உள்ளே அகலமான கட்டில், கம்பளம், எழுதுமேசை, ஆற்றைப் பார்த்தபடி ஒரு குளியல் தொட்டி. இரவில் போர்வைக்குள் வெந்நீர்ப் பையை வைத்துவிட்டுப் போகிறார்கள். காப்பகத்திற்குள் இருப்பதற்கான நுழைவுக் கட்டணம் மட்டுமே வெளிநாட்டுப் பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஆண்டின் முற்பாதியில் 100 டாலர், ஜூலை முதல் 200 டாலர். கூடார வாடகை அதற்கு மேல். ஹலாலான வருவாயில் செலவிடுவதை நான் குறை கூறவில்லை. நட்சத்திர விடுதிக்குத் துணி போர்த்தி, அதற்கு எளிமை என்று பெயர் சூட்டுவதைத்தான் குறை கூறுகிறேன். ஓடும் ஆற்றங்கரையில் உளூச் செய்தாலும் தண்ணீரை விரயமாக்கலாகாது என்று மக்தப் வகுப்பிலேயே பாடம் படித்தவர்கள் நாம். அந்தத் தொட்டியை நான் இரண்டு முறை நிரப்பினேன்.

நிரப்பியது எந்த ஆற்றின் கரையில்? மாவ் மலைக்காடுகளில் பிறந்து, ஏறத்தாழ 400 கிலோமீட்டர் ஓடி, தான்சானியாவில் விக்டோரியா ஏரியில் சேரும் ஆறு அது. மாவ் காடு பல பத்தாண்டுகளாக அழிக்கப்பட்டு வருகிறது. கோடையில் ஆறு மெலிந்து போகும்போது நீர்யானைகளும், முதலைகளும், இரு நாட்டுக் கிராமங்களும் மிஞ்சிய தண்ணீரை நம்பித்தான் இருக்கின்றன.

அடுத்தது, சிந்தனை. செரெங்கெட்டியையும் மாராவையும் சுற்றிவரும் வில்டபீஸ்ட் கூட்டம் பத்து லட்சத்திற்கும் மேல். ஆற்றைக் கடக்கையில் ஆண்டுக்குச் சராசரியாக 6,000-க்கும் அதிகமானவை மூழ்கி மடிகின்றன என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த உடல்களும் வீணாவதில்லை. மீன்களும் கழுகுகளும் உண்கின்றன. எலும்புகள் ஆண்டுக்கணக்கில் கரைந்து ஆற்றுக்கு உரமாகின்றன. சிந்திக்க இதைவிட என்ன வேண்டும்? ஆனால் அங்கு நடப்பது வேறு. மந்தை கரையில் தயங்கி நிற்கும்; எதிர்க்கரையில் வண்டிகள் முண்டியடிக்கும். 2025 ஜூலையில் தான்சானியப் பக்கத்தில் பயணிகள் வண்டிகளை விட்டிறங்கி, விலங்குகள் கடக்கும் துறையையே மறித்து நின்ற காணொலியை நம்மில் பலரும் பார்த்திருப்போம். ஒரு சிங்கத்தைச் சுற்றி ஐந்து வண்டிகளுக்கு மேல் நிற்கலாகாது என்பது மாராவின் விதி. நான் எண்ணியபோது பதினொன்று நின்றன. எங்கள் ஓட்டுநர் ஒதுங்கி நிறுத்தவே விரும்பினார். “இன்னும் கொஞ்சம் முன்னே போங்கள்” என்றது நான்தான்.

மாலையில் முகாமுக்கு மாசாய் இளைஞர்கள் வந்து ஆடினார்கள். எல்லோரும் கைப்பேசியை உயர்த்தியிருந்த வேளையில் என் மகள் கேட்டாள்: “வாப்பா, இவங்களோட மாடெல்லாம் எங்கே?” நியாயமான கேள்வி. 1904, 1911 ஆகிய ஆண்டுகளின் ஒப்பந்தங்களைக் காட்டி, ஆங்கிலேயர்களால் வடக்கின் மேய்ச்சல் நிலங்களிலிருந்து தெற்கே தள்ளப்பட்ட மக்கள் இவர்கள். தள்ளப்பட்டு வந்த இடத்திலும் ஒரு பகுதி காப்பகமாயிற்று. அங்கே மாடு மேய்த்தால் தண்டம், நாம் குளிக்கலாம்.

“நாம் போகாவிட்டால் அவர்களுக்குப் பிழைப்பு ஏது?” என்று சிலர் கேட்பார்கள். இதில் உண்மை உண்டு. 2020-ல் பயணிகள் நின்றபோது அந்தக் குடும்பங்கள் பட்ட பாடு சிறிதன்று. ஆகவே போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. போகும் இடம் ஒன்றல்ல என்கிறேன். காப்பகத்தின் எல்லையை ஒட்டி மாசாய் குடும்பங்கள் தம் சொந்த நிலத்தைச் சேர்த்துக் குத்தகைக்கு விட்டு நடத்தும் வனப்பகுதிகள் உள்ளன. நபோய்ஷோ அவற்றுள் ஒன்று. குத்தகைப் பணம் நிலக்காரர்களுக்குப் போகிறது. முறை வைத்து மாடுகளும் மேய்கின்றன. 350 ஏக்கருக்கு ஒரு கூடாரம் என்ற வரம்பு அங்கே உண்டு. நம் பயண முகவர்கள் முதலில் நீட்டும் தாளில் இவற்றின் பெயர்கள் பெரும்பாலும் இருப்பதில்லை, நாமும் கேட்பதில்லை. உணவு ஹலாலா என்று கேட்கிறோம், கிப்லா எந்தப் பக்கம் என்று கேட்கிறோம், ஆற்றைப் பார்த்த கூடாரம் கிடைக்குமா என்று இருமுறை கேட்கிறோம். நிலம் யாருடையது, வாடகையில் அவருக்கு எவ்வளவு, கழிவுநீர் எங்கே போகிறது என்று கேட்டவர் நம்மில் எத்தனை பேர்?

எங்கள் முகாமில் கடைசி நாளன்று மேலாளரிடம் கழிவுநீரைப் பற்றிக் கேட்டேன். புன்னகைத்துவிட்டுப் பேச்சை மாற்றினார். இரவில் எங்களைக் கூடாரம் வரை கொண்டு வந்து விடும் காவலாளியிடம் மாடுகளைப் பற்றிக் கேட்டேன். அவர் தம் ஈட்டியை உயர்த்தி, ஆற்றுக்கு நேர் எதிர்த் திசையில், வெளிச்சம் ஏதுமற்ற மேட்டைக் காட்டினார்.