காற்று மாறும் முன் மருந்து வரட்டும்

ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து இறங்கும் காற்று வருசநாட்டு மலையடிவாரத்து மயிலாடும்பாறை, கடமலைக்குண்டு வட்டாரத்தில் புழுதியை வாரி இறைக்கும். ஐப்பசியில் அடைமழை, மார்கழியில் பனி. பருவம் மாறும்போதெல்லாம் எங்கோ ஒரு வீட்டில், “வீசிங் வந்துருச்சு” என்று நடுராத்திரியில் வண்டி தேடுகிறார்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை கானாவிலக்கில் இருக்கிறது. மூச்சுக்குத் திணறுபவருக்கு அது நெடுந்தூரம்.

வானிலை ஒரு பெருநகரத்தையே திணறடித்திருக்கிறது. 2016 நவம்பர் 21, மெல்போர்ன். வெயில் கொளுத்திய நாளின் மாலையில் இடிமழை வந்தது. புல்லின் மகரந்தம் ஈரத்தில் வெடித்து, நுரையீரலின் ஆழம்வரை போகும் நுண்துகளாகிப் புயற்காற்றோடு ஊருக்குள் இறங்கியது. 30 மணி நேரத்தில் வழக்கத்தைவிட 3,000-க்கும் அதிகமானோர் மூச்சுக் கோளாறுடன் அவசரப் பிரிவுகளுக்கு வந்தார்கள். 10 பேர் இறந்தார்கள். ஆம்புலன்ஸ் போதவில்லை. பாதிக்கப்பட்டோரில் இந்திய, இலங்கை வம்சாவளியினர் அவர்களது மக்கள்தொகைக்கு மீறிய அளவில் இருந்தார்கள். தும்மலும் மூக்கொழுகலும் மட்டுமே கண்டிருந்த பலருக்கு, தமக்கு ஆஸ்துமா இருக்கக்கூடும் என்றே தெரியாது.

மறு ஆண்டே மெல்போர்ன் இருக்கும் மாநிலம் இடிமழை ஆஸ்துமாவுக்கு முன்னறிவிப்பு கொடுக்கத் தொடங்கியது. வருசநாட்டு அடிவாரத்தில் காற்று எப்போது கிளம்பும் என்பது ஆடு மேய்ப்பவருக்கும் தெரியும். ஆனால் அதற்குள் மருந்து வந்து சேர்வதில்லை.

ஆஸ்துமா உள்ளவரின் மூச்சுக்குழாய் பல மாதங்களாக உள்ளுக்குள் வீங்கிக் கிடக்கிறது. காற்று வந்து அதை அடைக்கிறது, அவ்வளவுதான். நெபுலைசரில் வைக்கும் சால்பூட்டமால் சில மணி நேரம் குழாயை விரிக்கும், வீக்கத்தை ஆற்றாது. அதை ஆற்றுவது ‘பம்பு’ எனப்படும் இன்ஹேலர் வழியே உறிஞ்சும் ஸ்டீராய்டு. சால்பூட்டமாலை மட்டும் நம்பி ஆஸ்துமாவுக்கு மருத்துவம் செய்யக் கூடாது என்று உலக ஆஸ்துமா வழிகாட்டுதல் 2019-லேயே சொல்லிவிட்டது. இங்கோ, “பம்பு பழகிப்போயிரும்” என்ற பயம். பெண் பிள்ளையென்றால் நோயையே மறைத்தும் வைக்கிறார்கள். இன்ஹேலரில் போவது மைக்ரோகிராம் அளவு மருந்து. அதற்குப் பயந்துகொண்டு, ஒவ்வொரு திணறலுக்கும் உடம்பு முழுவதும் பரவும் ஸ்டீராய்டு ஊசியை ஏற்றுக்கொள்வது எனக்குப் பெரும் வேதனை தருகிறது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. அந்த மாத்திரையைக் கொண்டுவரும் அதே கைகள் வைகாசியிலும் புரட்டாசியிலும் ஸ்டீராய்டு இன்ஹேலரைக் கொடுத்து, இழுக்கும் முறையையும் பழக்க வேண்டும். திணறி வந்தவரை நெபுலைசர் வைத்து அனுப்பும் ஒவ்வொரு அவசரப் பிரிவும், அவர் பெயரை மறுநாளே அவரது ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.