புழக்கடை மரத்துக்கு எந்த ஏட்டில் கணக்கு?

மலையடிவாரத்துச் சிறு, குறு விவசாயிகளே! தாய்மார்களே!

காட்டை ஒட்டிய ஊர்களில் இன்றைக்கு யாரும் முழு ராத்திரி தூங்குவதில்லை. தடாகம் ஆகட்டும், தாளவாடி ஆகட்டும், கூடலூர் ஆகட்டும், கதை ஒன்றுதான். பலா பழுத்தால் வாசம் பிடித்து யானை வருகிறது. கிழங்குக்கும் உதிர்ந்த மாம்பழத்துக்கும் பன்றி வருகிறது. பப்பாளியை மரநாய் காலி செய்கிறது. சப்போட்டாவையும் கொய்யாவையும் வௌவால் குதறிப் போடுகிறது. விடிந்து பார்த்தால் கொட்டையும் தோலும்தான் நமக்கு மிச்சம்!

"வீட்டுக்குப் பின்னால நாலு மரம். இதுக்கு ஒரு நோட்டீசா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்கிறோம். மழை பொய்த்து மானாவாரி காய்ந்து போனால், பிள்ளைக்கு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுப்பது அந்தப் பலாமரம்தான். வீட்டுப் பெண்கள் கையில் நாலு காசு நிற்பது அந்தக் கொய்யாக் கூடையால்தான். கடன்காரன் கை வைக்காத வருமானம் அது ஒன்றுதான்.

போன பருவத்தில் எங்கள் ஊரில் ஒரு அம்மா வீட்டுப் பலாவை யானை கிளையோடு முறித்துப் போட்டது. நஷ்டஈடு கேட்டு மனு கொடுத்தோம். வந்த அதிகாரி கேட்டார்: "அடங்கல் இருக்கா? எத்தனை ஏக்கர்?" வீடு இருப்பது நத்தத்தில். நத்தத்துக்குப் பயிர் அடங்கல் எங்கிருந்து வரும்? மூணு சென்ட் புழக்கடையை ஏக்கர் கணக்கில் எப்படி அளப்பது? போகும்போது ஒரு யோசனையும் சொன்னார்: "பலா இருந்தா யானை வரத்தான் செய்யும். பேசாம வெட்டிடுங்க."

இன்றைக்குப் பலாவை வெட்டு என்பார்கள். நாளைக்கு வாழையை வெட்டு என்பார்கள். அப்புறம் வீட்டையே காலி பண்ணு என்பார்கள். உண்ணிச்செடி மண்டி மேய்ச்சல் அழிந்தது காட்டுக்குள்ளே. யானை போகும் வழியை மறித்துக் கட்டடம் எழுப்பியது காசுள்ளவன். அபராதம் மட்டும் நம் புழக்கடைக்கா?

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று நாங்கள் சொல்லவில்லை. 2025 ஜனவரியில், காப்புக்காட்டு எல்லையிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றியை வனத்துறையே சுடும் என்று தமிழக அரசு அறிவித்தது. 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் வந்தால் பிடித்துக் காட்டில் விடுவார்களாம். 1 கிலோமீட்டருக்குள் அதுவும் இல்லை. நம் ஊர்களில் பாதி அந்த 1 கிலோமீட்டருக்குள்தானே இருக்கிறது? 2026 காரீஃப் பருவம் முதல் வனவிலங்கு சேதத்துக்கும் பயிர்க் காப்பீடு உண்டு, 72 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும் என்று 2025 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது. நல்லதுதான். ஆனால் காப்பீடு கட்டிய பயிருக்குத்தான் அது. நத்தத்தில் நிற்கும் பலாவுக்கு யார் பிரீமியம் வாங்குவார்கள்?

நம் ஆட்களுக்கும் ஒரு வார்த்தை. ஆத்திரத்தில் கம்பியில் திருட்டுக் கரண்ட் விடாதீர்கள். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி பக்கம் அப்படிப்பட்ட வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன. குட்டிகள் இரண்டு அநாதையாக நின்றன. அதே கம்பியில் ராத்திரி தண்ணி பாய்ச்சப் போன மனுசனும் சாகிறான். அவுட்டுக்காய் வைப்பதும் அப்படித்தான். மேயப் போன மாட்டின் வாய் கிழிந்ததை நாம் பார்க்கவில்லையா? இது நம் வழி அல்ல. வழக்கு வந்தால் உள்ள கொஞ்ச நிலமும் போகும்.

நம்மால் ஆனதைச் செய்வோம். பலாவைப் பழுக்க விடாமல் முற்றிய காயாகவே இறக்குவோம். உதிர்ந்த பழத்தை அன்றாடம் பொறுக்குவோம். தனி மரமாக நின்றால் அடிமரத்தைச் சுற்றி ஆள் உயரத்தில் இரண்டடி அகலத் தகரம் அடித்தால் மரநாய் ஏறாது. கூரையைத் தொடும் கிளையைக் கழிக்கணும். கொய்யா, மாதுளைக்குத் துணிப்பை கட்டலாம். வௌவால் கடித்த பழத்தைப் பிள்ளைகள் தின்னக் கூடாது. 2018-ல் கேரளத்தில் நிபா காய்ச்சல் 17 உயிரைக் கொண்டு போனதை மறக்க வேண்டாம். ஆனால் யானைக்குத் தகரமும் துணிப்பையும் போதுமா? அங்கே அரசுதான் வர வேண்டும்.

நாம் கேட்பது:

1. புழக்கடை மரத்துக்கு அடங்கல் கேட்காதே! மரக் கணக்கில் நஷ்டஈடு கொடு!

2. மனு கொடுத்த 30 நாளில் பணம் கையில் வர வேண்டும்.

3. ஒவ்வொரு வீடாக வேலி போட நம்மால் முடியாது. ஊர் எல்லைக்கு அகழியும் சூரிய மின்வேலியும் அரசே அமைத்துப் பராமரிக்க வேண்டும்.

4. ராத்திரிக் காவலுக்கு உள்ளூர் இளைஞர்களைச் சம்பளத்தோடு நியமிக்க வேண்டும்.

5. காட்டுக்குள் உண்ணிச்செடியை அகற்றி, தீவனமும் தண்ணீரும் உண்டாக்க வேண்டும். காட்டில் வயிறு நிறைந்தால் யானை எதற்கு நம் வாசலுக்கு வருகிறது?

மரம் சேதமானால் அன்றைக்கே போட்டோ எடுத்துத் தேதி போட்டு வையுங்கள். அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாகப் போடுவோம். மாதாந்திர விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்கு, வெறும் மனுவோடு போகாமல், விலங்கு தின்று போட்ட பலாச் சக்கையையும் முறிந்த கிளையையும் சாக்கில் கட்டிக் கொண்டு போவோம். ஏட்டில் இல்லாத மரத்தை மேசை மேல் வைத்துக் காட்டுவோம்!

மரத்தை வெட்ட மாட்டோம்! ஊரை விட மாட்டோம்!
ஒன்று சேருவோம்! உரிமை பெறுவோம்!