ஆண்டு விழா மேடையில் இங்கிலீஷ் பேசும் குழந்தை... நிஜமாகவே கற்றுக்கொள்கிறதா?

பொங்கல் முடிந்தால் போதும், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கம் பள்ளிகளில் ஆண்டு விழா சீசன்தான். யுகேஜி குழந்தை மைக் முன் நின்று நாலு வரி இங்கிலீஷ் பேசும். அன்று இரவே அந்த வீடியோ அம்மாவின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் இருக்கும்.

மறுநாள், 'நீ பேசினதுக்கு என்ன அர்த்தம் பாப்பா?' என்று கேட்டால்? பெரும்பாலும் முழிக்கும்.

உடனே 'வெறும் மனப்பாடம்' என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

மனப்பாடம் தப்பா?

தப்பில்லை. அமெரிக்க ஆய்வாளர் லில்லி வாங் ஃபில்மோர், ஸ்பானிஷ் பேசும் 5 குழந்தைகள் ஆங்கிலம் கற்பதைக் கவனித்து 1976-ல் ஆய்வேடு எழுதினார. குழந்தைகள் முழு வாக்கியங்களை அப்படியே பிடித்துக்கொண்டார்கள். விளையாடும்போது அதையே பயன்படுத்தினார்கள். பிறகு, அதை உடைத்து புது வாக்கியம் அமைத்தார்கள். நடுவில் இருக்கும் அந்த 'பயன்படுத்துவது'தான் முக்கியம்.

ஆண்டாள் ஊருக்கு இது புதிதல்ல. திருப்பாவையின் 30 பாசுரங்களையும் அர்த்தம் புரியாத வயதிலேயே ஒப்பிக்கும் குழந்தைகள் உண்டு. ஆனால், ஒவ்வொரு மார்கழியும் அது திரும்ப வரும். பொருள் சொல்ல உபந்நியாசம் இருக்கும். ஆண்டு விழா வசனத்துக்கு அந்த 'மறு மார்கழி' இல்லை. மேடை இறங்கியதும் அதன் ஆயுள் முடிந்துவிடுகிறது.

மரம் வேஷம் யாருக்கு?

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நன்றாகப் பேசும் குழந்தைக்கே வசனம் கிடைக்கும். தயங்கும் குழந்தைக்கு மரம், பட்டாம்பூச்சி வேஷம். வீட்டில் இங்கிலீஷ் கேட்கவே வழியில்லாத குழந்தைதான் பெரும்பாலும் அந்த மரம். பயிற்சி அதிகம் தேவைப்படும் பிள்ளை வாயே திறக்காமல் இறங்கிவிடுகிறது.

என்ன செய்யலாம்?

வகுப்பறையையே மேடையாக்கலாம். தமிழக அரசு 2022 ஜூனில் 1 முதல் 3-ம் வகுப்பு வரை தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம், தமிழ், ஆங்கிலம், கணக்கைப் பாட்டு, கதை, செயல்பாடுகள் வழியாகக் கற்பிக்கச் சொல்கிறது. தனியார் பள்ளிகளும் இதைக் கவனிக்கலாம்.

வசனத்தின் பொருளை முதலில் தமிழில் சொல்லலாம். 'தண்ணீர் வேணும்', 'நானும் விளையாட வரட்டுமா?' போன்ற தினமும் உதவும் வரிகளைக் கொடுக்கலாம். ஒத்திகையில் வேஷங்களை மாற்றி மாற்றிக் கொடுத்தால் எல்லோரும் பேசுவார்கள்.

ராஜபாளையத்தில் வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழும் சர்வசாதாரணமாகப் பேசும் குழந்தைகள் இருக்கிறார்கள். யாரும் அவர்களை மேடை ஏற்றிச் சொல்லிக்கொடுக்கவில்லை. பேச ஆள் இருந்தது, அவ்வளவுதான்.

எனவே பெற்றோரே, விருந்தாளி வந்தால் 'அங்கிளுக்கு ரைம்ஸ் சொல்லு' என்று நிறுத்தி வைக்காதீர்கள். அதே வசனத்தை வைத்து அரை மணி நேரம் சேர்ந்து விளையாடுங்கள். அடுத்த ஆண்டு விழாவில், 'எத்தனை குழந்தைகளுக்குப் பேச ஒரு வரியாவது கிடைத்தது?' என்று பள்ளியிடம் கேளுங்கள்.