காருக்குள் பெட்ரோல் வாடை

காருக்குள் பெட்ரோல் வாடை வந்தால் உடனே ஒரு சென்ட் பாட்டில் வாங்கி வைப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். "பழைய வண்டின்னா அப்படித்தான் சார்" என்கிற மெக்கானிக்கையும் நான் நம்புவதில்லை. எங்கோ கசியாமல் வாடை வராது.

எப்போது வருகிறது என்று கவனித்தாலே பாதி வேலை முடிந்தது. டேங்க் நிரப்பிய அன்று மட்டும் என்றால் பெட்ரோல் ஊற்றும் குழாயையோ, பம்ப்பின் மேல் உள்ள ரப்பர் வாஷரையோ சந்தேகப்படலாம். ஸ்டார்ட் செய்ததும் என்றால் இன்ஜினை அணைத்து, ஆறவிட்டு, பானெட்டுக்குள் ரப்பர் ஹோஸைப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் 17 வயது வண்டியில் அதுதான். வளைத்தால் மேலெல்லாம் மயிரிழை வெடிப்பு! கிளிப்பை முறுக்கி அனுப்பப் பார்த்தார்கள். நான் நகரவில்லை, ஹோஸையே மாற்ற வைத்தேன். பின் சீட்டில் உட்காருவது பேத்தி அல்லவா?

இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பருக்கு அது ஆகாது. எத்தனால் தாங்கும் ஹோஸ்தானா என்று கேட்டு வாங்குங்கள்.

சரிசெய்யும்வரை வண்டியை மூடிய ஷெட்டில் விடாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு படிந்து கிடக்கும். நம் வீடுகளில் சாயங்காலம் வாசலில் விளக்கேற்றுவதும் தரையில்தான்.